அண்ணன் தேர்ந்தெடுத்த லென்ஸ்கள்

அண்ணன் டீயைக் குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைப்பான். பிறகு போனை எடுத்து, ஆன்லைன் கடையின் கார்ட்டில் போட்டு வைத்திருக்கும் கேமரா லென்ஸின் விலையைப் பார்ப்பான். "எறங்கல" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புவான். நான் ப்ளஸ் டூ படித்த வருஷத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். இப்போது நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதற்குள் போன் இரண்டு முறை மாறிவிட்டது. கார்ட்டில் இருக்கும் லென்ஸ் எத்தனை முறை மாறியது என்று கணக்கில்லை. டம்ளரைக் கவிழ்ப்பதும் "எறங்கல" என்பதும் மட்டும் மாறவில்லை.

ஒரே ஒரு தீபாவளிக்கு விலை நன்றாக இறங்கியது. அன்றைக்குத்தான் அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். அரைமணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்ளோ எறக்குறான்னா புது மாடல் வரப்போவுது. அவசரப்பட்டு மாட்டிக்கக் கூடாது" என்று மூடி வைத்தான்.

அவன் பெயர் சிவசங்கர். வயது முப்பத்துமூன்று. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து வரும் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை, காண்டிராக்டில். பெல்ட்டுக்கு அடியில் உருளைகள் வரிசையாகச் சுழலும். எந்த உருளை சிக்கிக்கொண்டதோ அதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து மாற்ற வேண்டும். பதினொரு வருஷமாக அதைத்தான் செய்கிறான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது. நாலு ஏக்கர். பணம் வந்தது, சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக்கு வெளியே இந்தக் காலனியில் ஒரு மனை வந்தது, அண்ணனுக்கு இந்த வேலை வந்தது. பணத்தில் வீடு கட்டினோம். மிச்சத்தில் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா மூன்று வருஷத்தில் போய்விட்டார். எப்போதாவது அண்ணன் சலித்துக்கொண்டு, "இந்த வேலைய வுட்டுட்டா என்னா" என்றால் அம்மா உடனே சொல்வாள்:

"அது வேல இல்லடா. நம்ம நாலு ஏக்கரு."

வேலையை ராஜினாமா செய்யலாம். நாலு ஏக்கரை எப்படி ராஜினாமா செய்வது?

கேமரா எப்படி அவனுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. முதல் கேமராவைத் தேர்ந்தெடுக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டான். கேனானா நிக்கானா என்பதிலேயே ஒரு வருஷம் ஓடியது. "பாப்பா, இது கல்யாணம் மாதிரி" என்று எனக்கு விளக்குவான். ஒரு கம்பெனியின் கேமரா பாடியை வாங்கிவிட்டால் அந்தக் கம்பெனியின் லென்ஸ்தான் அதில் பொருந்தும். லென்ஸைத் திருகி மாட்டுகிற அந்த வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். ஒன்றின் மவுண்டில் இன்னொன்று உட்காராது. "ஒரு தடவ உள்ள போயிட்டா வெளிய வர முடியாது. எல்லா லென்ஸையும் வித்துட்டுத்தான் வரணும்." கடைசியில் பாண்டிச்சேரியில் ஒருவரிடமிருந்து பழைய நிக்கான் ஒன்றை வாங்கினான். கூடவே வந்தது ஒரு சாதாரண லென்ஸ். கேமராக்காரர்கள் அதைக் கிட் லென்ஸ் என்பார்கள். பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து எம்.எம். வரை போகும். எண் சிறியதானால் காட்சி அகலமாக விழும், பெரியதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். வந்த நாளிலிருந்து அண்ணனுக்கு அதைப் பிடிக்கவில்லை.

அந்த லென்ஸின் கூர்மையைச் சோதிக்க எங்கள் வீட்டுப் பின்சுவரைப் படம் எடுப்பான். பூசாத செங்கல் சுவர். யூடியூபில் அப்படித்தான் சொல்கிறார்களாம். நடுவில் செங்கல் தெளிவாக வருகிறதா, ஓரத்தில் மங்குகிறதா என்று கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பெரிதாக்கிப் பார்ப்பான்.

"பெத்தவ குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துக்கினு இருக்கேன். சொவுத்தப் போயி எத்தினி தடவடா போட்டோ புடிப்ப?" என்பாள் அம்மா.

"நீ ஆடுவம்மா. சொவுறு ஆடாது."

"ஆமா, சொவுத்துக்குப் பொண்ணு பாத்துக் கட்டி வையி. ஆடாத நிக்கும்."

அவன் உண்மையில் எடுக்க விரும்பிய இடம் சுரங்கம். அங்கே கேமராவை எடுத்துப் போக முடியாது. கேட்டிலேயே சோதனை. அதனால் அங்கே பார்த்ததை வீட்டில் வந்து என்னிடம் சொல்வான். ஃபர்ஸ்ட் ஷிப்டில் விடியும்போது, படிபடியாக வெட்டிய பள்ளத்தின் மேல்தட்டில் வெயில் விழுந்து, அடித்தட்டில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்குமாம். மண் வெட்டும் பெரிய இயந்திரம் தூரத்தில் சின்னதாய்த் தெரியுமாம். "அத இருபத்தினாலுல எடுத்தா வேஸ்ட் சத்யா. எறநூறுல இழுத்து எடுக்கணும். அப்பதான் தட்டுத் தட்டா ஒண்ணுமேல ஒண்ணு ஒக்காரும்." எடுக்கவே முடியாத படத்துக்கு லென்ஸ் தேர்ந்தெடுப்பவனைப் பார்த்து நான் அப்போது சிரித்தேன். என் போனில் ஒன்பது வேலை விண்ணப்பங்கள் பாதி நிரப்பப்பட்டு நிற்கின்றன. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு வழி திறந்தது. கடலூர் உப்பங்கழிகளில் பறவைகளைக் கணக்கெடுக்கும் சிறிய குழு ஒன்று, இரண்டு வருஷ வேலைக்கு ஒரு போட்டோகிராபரைத் தேடியது. சுதாகர் என்பவர் அதை நடத்துகிறார். அண்ணன் நெய்வேலி ஏரியில் எடுத்து முகநூலில் போட்ட ஒரு நாமக்கோழிப் படத்தைப் பார்த்துவிட்டு அவரே போன் செய்தார்.

"படம் நல்லாருக்கு தம்பி. ஆனா பறவ ரொம்பத் தூரமா நிக்கிது. எங்களுக்கு, அடையாளத்துக்காகப் பறவ கால்ல போட்ட வளையத்துல இருக்கிற நம்பர் படிக்கிற மாதிரி வேணும். டிசம்பர்ல வெளிநாட்டு வாத்துங்க வரும். இருவதாந்தேதிக்குள்ள பத்துப் படம் அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

சம்பளம் காண்டிராக்டை விடச் சற்றுக் குறைவு. ஆனால் அண்ணன் அன்றைக்கு டீ டம்ளரைக் கவிழ்க்க மறந்துவிட்டான்.

"அம்மாகிட்ட இப்ப சொல்லாத. கெடச்சா அப்பறம் பேசிக்கலாம்."

"கெடச்சா போயிருவியாண்ணா?"

"போயிருவேன்." இவ்வளவு சட்டென்று அவன் எதையும் முடிவு செய்து நான் பார்த்ததில்லை.

தேவை ஒரு நீண்ட லென்ஸ். புதியது வாங்கும் விலையில் இல்லை. அந்தச் சமயத்தில்தான் பதினெட்டாவது பிளாக்கில் தனபாக்கியம் அம்மா வீட்டுக்கு ஃபேன் பழுதுபார்க்கப் போனான். லீவு நாட்களில் நகரியத்து வீடுகளுக்கு இப்படிப் போவது உண்டு. தனபாக்கியம் அம்மாவின் கணவர் அய்யாசாமி ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்டாக இருந்தவர், ஏப்ரலில் இறந்துவிட்டார். டிசம்பர் முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அந்த அம்மா சொந்த ஊரான திருவதிகைக்குப் போக வேண்டும். ஸ்டூல் மேல் நின்று ஃபேனைக் கழற்றிய அண்ணன், அலமாரி மேல் ஒரு தோல்பெட்டியைப் பார்த்திருக்கிறான். அய்யாசாமி ஃபிலிம் காலத்தில் வைத்திருந்த முன்னூறு எம்.எம். லென்ஸ். நிக்கான். அதே மவுண்ட்.

அன்று மாலை அண்ணன் என்னையும் அங்கே அழைத்துப் போனான், கேமராவோடு. பழைய லென்ஸைத் திருகியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"எடுத்துக்கினு போ சிவா. இங்க தூங்கிக்கினுதான இருக்கு" என்றார் தனபாக்கியம் அம்மா. "எனக்கு ஒரே ஒரு போட்டோ புடிச்சிக் குடு, போதும்."

சுவர் முழுக்க அய்யாசாமி எடுத்த படங்கள். மயில், தேர், ரயில், யாரோ ஒருவரின் குழந்தை.

"இதுல நான் எங்கனா இருக்கனா பாரு. முப்பது வருசம் அந்த மனுசன் பின்னால பைய தூக்கிக்கினு போனேன். திரும்பி நின்னு என்ன ஒண்ணு எடுக்கத் தோணல. ஆதார்ல இருக்கிறது ஒண்ணுதான் எம்மூஞ்சி. அதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "வாசல்ல, அந்தச் செம்பருத்திகிட்ட, கேட்ட புடிச்சிக்கினு நிக்கிற மாதிரி. வூடும் தெரியணும். காலி பண்றதுக்குள்ள எடுத்துடு."

"கண்டிப்பாம்மா."

"இப்பவே எடுக்கறதுன்னாலும் பொடவ மாத்திக்கினு வரேன்."

அண்ணன் வாசலைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். "இதுல எடுத்தா மூஞ்சி மட்டுந்தாம்மா வரும், வூடு வராது. பழைய லென்ஸ் சுமாரு. முப்பத்தஞ்சு ஒண்ணு வாங்கப்போறேன். அதுல எடுத்தா பிரமாதமா இருக்கும்."

பையில் கிட் லென்ஸ் இருந்தது. அதில் வீடும் வரும், செம்பருத்தியும் வரும், அந்த அம்மாவும் வருவார். எனக்கு அது தெரியும். லென்ஸ் விஷயத்தில் அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

செப்டம்பர் முழுக்க முன்னூறோடு பழகினான். அந்த லென்ஸை மாட்டினால் கேமரா வெளிச்ச அளவு காட்டாது. எல்லாவற்றையும் கையால் திருப்பிக் கணக்குப் போட வேண்டும். பெல்ட்டில் உருளையின் சத்தம் கேட்டுப் பழகியவனுக்கு அது பிடித்திருந்தது. ஏரிக்கரையில் ஒரு கொக்கின் கண்ணை எடுத்து வந்தான். கண்ணுக்குள் கரை தெரிந்தது. அம்மாகூட அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சொவுத்த வுட்டுட்டியா?" என்றாள். கார்ட்டில் இப்போது முப்பத்தைந்தா ஐம்பதா என்ற விசாரம். ஐம்பது என்றால் தனபாக்கியம் அம்மா வீட்டு எதிரே சாலைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். முப்பத்தைந்து என்றால் கேட்டுக்குள்ளேயே எடுக்கலாம். ஆனால் முகம் லேசாக அகலும். ஒன்று மலிவு, இன்னொன்று கூர்மை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப்போயின. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் வாங்கப் போகிறேன் என்றான். டப்பா வாங்கினான். மணிகளில் எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு எதுக்குண்ணா காசு? அடுப்புக்கரி போட்டாலே ஈரத்த இழுத்துக்கும்" என்றேன் நான். லேபில் கார்பன் ஈரத்தையும் வாயுவையும் பிடித்து வைப்பதைப் படித்தது நினைவில் இருந்தது.

எங்கள் வீட்டில் கேஸ் வந்த பிறகு அடுப்புக்கரி ஏது? பின்பக்கச் சாய்ப்பில், வெந்நீர் அடுப்புக்கென்று அம்மா போட்டு வைத்திருந்த பழுப்பு நிலக்கரிக் கட்டிகள் இருந்தன. லாரியிலிருந்து சாலையில் சிதறுவதைக் காலனியில் எல்லோரும் பொறுக்கி வைப்பார்கள். நான் ஒன்றை எடுத்து வந்தேன். கைமுட்டி அளவு. மரப்பட்டையின் கோடுகள் அதில் அப்படியே தெரியும்.

அண்ணன் அதை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான்.

"இது ஈரமா இருக்குமே சத்யா. பெல்ட்டுல வரப்பவே சொட்டிக்கினுதான வரும்."

"அது மேல பட்ட தண்ணிண்ணா. உள்ள இருக்கறது கார்பன். ரெண்டும் ஒண்ணுதான். நல்லா தொடச்சு, பேப்பர்ல சுத்தி வெச்சாப் போதும்."

அவன் இன்னொரு முறை தூக்கிப் பார்த்தான். பதினொரு வருஷமாகத் தினமும் டன் கணக்கில் அது அவன் கண் முன்னால் ஓடுகிறது. அதன் கனத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என்னிடம் நீட்டினான்.

"செரி, நீ சுத்திக் குடு. நீ படிச்ச புள்ள. நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்."

நான் சுற்றிக் கொடுத்தேன். "அடிக்கடி தெறக்காதண்ணா, வெளிய இருக்கிற ஈரம் உள்ள பூந்துரும்" என்றும் சொன்னேன். அதையும் கேட்டான். ஐந்து வாரம் டப்பாவைத் திறக்கவே இல்லை. மழையும் விடவில்லை, பெல்ட் மேல் சேறு ஏறி, ஓவர்டைம் வேறு.

டிசம்பர் பதினாறாம் தேதி வானம் வெளுத்தது. ஏரிக்கு வாத்துகள் வந்துவிட்டதாகச் சேதி வந்தது. அண்ணன் லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே குளித்து, டப்பாவை எடுத்து வைத்து மூடியைத் திறந்தான். மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். பேப்பர் நனைந்து கூழாகியிருந்தது. உள்ளே கட்டி வெடித்து விரிசல் விட்டுக் கிடந்தது. ஈரம் முழுவதையும் வெளியே விட்டுவிட்ட கட்டி அப்படித்தான் வெடிக்கும்.

லென்ஸைத் துடைத்துக் கதவுப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடிக்கு உள்ளே, நடுவிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய வெள்ளை இழைகள் கிளை விட்டிருந்தன. அம்மா எட்டிப் பார்த்து, "என்னாடா, உள்ள கோலம் போட்டாப்பல இருக்கு?" என்றாள்.

"பூஞ்ச."

"தொடச்சா போவாதா?"

"உள்ள இருக்கு."

நான் கதவருகே நின்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. வெடித்த கட்டியைப் பேப்பரோடு எடுத்துப் போய்ச் சாய்ப்பில், அது இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தான்.

"இந்த வருசம் மழ சாஸ்தி" என்றான்.

அந்த லென்ஸோடுதான் ஏரிக்குப் போனான். வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. வாத்து இருந்தது, கால் இருந்தது, காலில் வளையமும் இருந்தது. எண் இல்லை. மறுநாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் லென்ஸ் கழற்றிச் சுத்தம் செய்பவரிடம் காட்டினான். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டது, இழையை எடுத்தாலும் தழும்பு போகாது என்று சொல்லிவிட்டாராம். இருபதாம் தேதி சுதாகர் இரண்டு முறை கூப்பிட்டார். அண்ணன் செகண்ட் ஷிப்டில் இருந்தான். போன் வீட்டில் இருந்தது. அதை வேண்டுமென்றே விட்டுப் போனானா என்று எனக்குத் தெரியாது. நானும் எடுக்கவில்லை.

அந்த வாரம் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். தமிழ்நாட்டின் கனிமங்கள். பழுப்பு நிலக்கரி: கார்பன் குறைவு, ஈரப்பதம் அதிகம், புதிதாக வெட்டியதில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பக்கத்தின் ஓரத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. அடிக்கோடும் நான் போட்டதுதான், ஜூன் மாதத்தில். ஒரு மதிப்பெண் கேள்விக்கு என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். அதே தண்ணீரை அண்ணன் உள்ளங்கையில் நிறுத்துச் சொன்னபோது என் காதில் ஏறவில்லை. அவன் ஏன் தன் கையை நம்பாமல் என் படிப்பை நம்பினான் என்று கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை அவன் மேல் வைக்க எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை.

முப்பதாம் தேதி தனபாக்கியம் அம்மா குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். காலையில் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். "ஃபர்ஸ்ட் ஷிப்டும்மா, ரெண்டரைக்கு வந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறான். ரெண்டரைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"கிட் லென்ஸ எடுத்துக்கினு போண்ணா. அது போதும்."

"லென்ஸ் எங்கன்னு கேப்பாங்களே."

"சொல்லிடு."

"என்னான்னு சொல்றது?" அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் சொல்ல மாட்டான். பொய் சொல்லி வாசலில் நிற்கவைத்துப் படம் எடுக்கவும் அவனால் முடியாது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மினி லாரியில் கட்டிலும் பீரோவும் ஏறியிருந்தன. தனபாக்கியம் அம்மா அரக்கு நிறத்தில் புதுப்புடவை கட்டி, தலை வாரிக் கொண்டை முடிந்து, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"இருப்பா, எங்க போவுது ஒன் திருவதிக? ஓடியா போயிடும்?" என்று அவரை அதட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "சிவா வரல?"

"ஷிப்டு முடியல போலம்மா. நான் போன்ல எடுக்கறேன். நல்லா வரும்."

"நீ எடுப்பம்மா. எம்மவ போன்லகூடத்தான் எடுப்பா." கேட்டிலிருந்து கையை எடுத்தார். "அவன்தான எடுக்கறேன்னான். அவனே எடுக்கட்டும். லென்ஸ் அவங்கிட்டயே இருக்கட்டும், நான் வெச்சி என்னா பண்ணப்போறேன். போட்டோ ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லு."

லென்ஸைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் கட்டியைச் சுற்றிக் கொடுத்தேன் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். புடவை கசங்காமல் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார அவருக்குக் கை கொடுத்தேன். லாரி போய்விட்டது.

இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. பைக் நிறுத்தச் செம்பருத்தியை வெட்டிவிட்டார்கள். அண்ணன் பதினெட்டாவது பிளாக் வழியாகப் போவதில்லை; சுற்றிக்கொண்டு போகிறான். கேமராவை விற்கவில்லை. தோல்பெட்டியும் பீரோ மேல் இருக்கிறது. பொங்கலுக்குத் தனபாக்கியம் அம்மா போன் செய்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவன் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மிச்ச டீயைக் குடித்தான், டம்ளரைக் கவிழ்த்தான், போனைத் திருப்பினான். கார்ட்டில் முப்பத்தைந்து எம்.எம். மட்டும்தான் இருந்தது. பறவைகளுக்கானது எதுவும் இல்லை.

"எறங்கல" என்றான்.

அந்த அம்மாவுக்கு ஒரு படம் இன்னும் பாக்கி இருக்கிறது.